ஆளுக்கு இரண்டு கதிரை

ரெஜான் சொல்வான்:
இது விளையாட்டரங்கம் இல்லை,
கவிழ்த்து வைத்த கொங்கிறீற் சட்டி.
ஆனி மாதம், வெளியே மொன்றியல் முழுக்க வெயில்,
உள்ளே விளக்குப் போட்டுக்கொண்டு
பச்சைக் கம்பளத்தில் பேஸ்போல்.
கூரை கிழியும். தைப்பார்கள். திரும்பக் கிழியும்.
ஒருமுறை ஐம்பது தொன் பாளமொன்று
கழன்று வெளியே விழுந்தது.
ஆள்சேதம் இல்லை என்றது வானொலி.
'ஆட்கள் வந்தால்தானே சேதம்' என்றான்.

அதைக் கட்டிய கடனுக்குச்
சிகரெட்டில் வரி.
சபனெல் தெருத் தையல் ஆலையின் பின்கதவில்
நானும் அவனும் பனிக்குள் நின்று
இழுத்த ஒவ்வொரு இழுப்பும்
அந்தக் கூரைக்கு ஒரு தையல்.
'சுவாசப்பையைக் கொடுத்து வாங்கினது.
திட்டுகிற உரிமை எங்களுக்குத்தான்.'

எங்களுக்கு மட்டும்தான்.
ரொறொன்ரோவிலிருந்து வந்த என் சகலன் குலவீரசிங்கம்
கோழிக்காலைக் கடித்தபடி
'இதெல்லாம் ஒரு ரீமா' என்றதுதான் தாமதம்,
ரெஜான் பியரைக் கீழே வைத்தான்.
தொண்ணூற்று நாலாம் ஆண்டைத் தொடங்கினான்.
எல்லா அணிக்கும் மேலே நின்றதை,
ஆவணியில் வந்த வேலைநிறுத்தத்தை,
கிண்ணமே இல்லாமல் போன இலையுதிர்காலத்தை
முழுக்கப் பிரெஞ்சில்.
சகலனுக்கு ஒரு சொல் விளங்கவில்லை.
இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டான்.

எனக்கும் விதிகள் பிடிபட
இரண்டு கோடைகாலம் போயிற்று.
அடித்தவன் ஏன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான்,
கிரிக்கெட் பழகிய என் கால்
அங்கேயே தடக்கிக்கொண்டு நின்றது.
ஆனால் கதிரை அடிக்க விதி வேண்டாம்.
மடங்கும் மஞ்சள் கதிரைகள்.
வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று,
தூக்கி அடித்தால் டமார்.
வந்திருப்பது ஐயாயிரம் பேர்.
பந்தெறிகிறவன் திரும்பிப் பார்க்காதவரைக்கும்
பத்தாயிரம்.

பிறகு, இரண்டாயிரத்து நாலு, புரட்டாதி.
அணி வேறு ஊருக்குப் போகிறது.
கடைசி ஆட்டம். முப்பதாயிரம் பேர்.
அதிலும் தோற்றோம்.

இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.
டாக்சி ஓட்டும் லுக்னேர் அங்கே இருந்தானாம்.
என் பல் வைத்தியர் இருந்தாராம், முன்வரிசையில்.
மூன்றாம் மாடி மதாம் பூலியன் இருந்தாராம்,
அவருக்கு ஹொக்கி தவிர வேறொன்றும் தெரியாது.
அந்தத் தொப்பியைக் கவிழ்த்துப் போட்ட பொடியன் ஒருவன்
தாயின் வயிற்றுக்குள் இருந்து பார்த்தேன் என்கிறான்.
இவ்வளவு பேரும் வந்திருந்தால்
எந்த அணி ஐயா ஊரைவிட்டுப் போகும்?

இரண்டு வருடத்துக்கு ஒருதரம் யாராவது
புது அணி வருகிறது என்பார்கள்,
நகரின் நடுவில், ஆற்றங்கரையில், திறந்த வானத்தோடு.
'வராது' என்பான் ரெஜான்.
'வந்தாலும் போகமாட்டேன்.'
கொஞ்ச நேரம் கழித்து,
'எடுத்தால் முதலாம் பேஸ் பக்கம் எடு.
பின்னேர வெயில் கண்ணில் அடிக்காது.'

நானும் இருந்தேன் என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.
பல் வைத்தியரிடம் வரிசை இலக்கம்கூடச் சொன்னேன்.

அன்று ரெஜான் இரண்டு ரிக்கெற்றோடு
ஆலை வாசலில் நின்றான்.
எனக்கு ஓவர்டைம், ஒன்றரை மடங்கு.
குளிர்கோட்டுகளுக்குக் கழுத்துப்பட்டை,
ஐந்நூறு.
நீ போ என்றேன்.

அவ்வளவு சனத்துக்கு நடுவே
பக்கத்துக் கதிரையில் யாரையும் இருக்க விடவில்லையாம்.
ஒன்பது இன்னிங்ஸும்
இரண்டையும் தானே அடித்தானாம்.
அடுத்த நாள் பின்கதவில் வைத்து
வீங்கிப்போன இடது உள்ளங்கையை நீட்டினான்.
'இது உன்னுடைய கை' என்றான்.
என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

'சிகரெட் இருக்கா?' என்றான்.
'கடன் இன்னும் முடியவில்லை.'